திருப்பிரிதிக்கு மேலே ஒரு பனிச்சரிவு

தாராவியில் சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாகத் தோல் கடைகள். அவற்றில் ஒன்றில் கறுப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பை கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் கடைக்காரர் கேட்டார்.

"எங்க சார் போறிய?"

"ஔலி. உத்தராகண்ட் பக்கம். பனியில சறுக்கி விளையாட."

"அப்பம் கழட்டுங்க" என்றார். "தோலு தண்ணி குடிச்சா கனத்துப் போவும். காஞ்சா பலவை மாதிரி வெறச்சிரும். இது பைக் ஓட்டுத பயலுவளுக்கு உள்ளது. பனிக்கு நைலான்தான் சரி. அது எங்கிட்ட இல்ல."

திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே தோல் பதனிடத் தொடங்கிய தலைமுறைகளின் பேச்சு அது. கையில் வந்த வியாபாரத்தைத் தானே வேண்டாமென்று சொன்ன மனிதர். நன்றிக்காக ஒரு பெல்ட் வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான 'டீல்' அதுதான். அதற்கு முந்தின வாரம் கிடைத்த டீலைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நாங்கள் மூன்று பேர். மாட்டுங்காவில் இருக்கும் அத்தைக்கு எழுபத்தோரு வயது. செம்பூரில் இருக்கும் அண்ணா பெண்ணுக்கு இருபத்திரண்டு. நடுவில் நான். அண்ணா பெண்ணுக்குப் பனி ஆசை பள்ளிக்கூட நாளிலேயே வந்துவிட்டது. குர்லா ஃபீனிக்ஸ் மாலில் ஸ்னோ வேர்ல்ட் என்று ஒன்று உண்டு. கண்ணாடிக் கதவுக்குள்ளே செயற்கைப் பனி, வாடகைக்குக் கோட்டும் பூட்ஸும். அங்கே ஒரு மணி நேரம் சறுக்கி விளையாடிவிட்டு வெளியே வந்ததும் மே மாத வெயிலில் வியர்த்து ஒழுகினவள், "சித்தப்பா, ஒரு தடவை நிஜப் பனி" என்று அன்றே சொல்லி வைத்தாள்.

அத்தையின் கணக்கு வேறு. நூற்றெட்டு திவ்யதேசங்களில் பூமியில் சேவிக்கக் கூடியவை நூற்றாறு. அவளுக்கு மிச்சம் இரண்டே இரண்டு. நேபாளத்தில் இருக்கும் சாளக்கிராமம் ஒன்று; திருப்பிரிதி இன்னொன்று. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரம் பாடிய திருப்பிரிதியை ஜோஷிமட் நரசிம்மர் கோயில் என்றுதான் பெரும்பாலோர் சேவிக்கிறார்கள். இல்லை, அது மானசரோவர் பக்கம், இமயத்துக்கு அப்பால் என்று சொல்கிறவர்களும் உண்டு. அத்தைக்கு அந்த வழக்கெல்லாம் வேண்டாம். பல வருஷத்துக்கு முன்னால் பத்ரிக்குப் போனபோது, ஜோஷிமட்டில் வண்டிகளை நேரக் கணக்குப்படி விடும் கேட் மூடிவிடும் என்று சொல்லி பஸ் டிரைவர் நிறுத்தாமல் போய்விட்டார். வாசலைத் தாண்டிப் போயும் சேவிக்க முடியவில்லை என்ற குறை அன்றிலிருந்து இருக்கிறது.

ஔலியின் பனிச்சரிவு ஜோஷிமட்டுக்கு நேர் மேலே. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேரின் ஆசையும் தீரும் என்று கணக்குப் போட்டேன். சயானில் ஒரு டிராவல்ஸ்காரர் அந்தக் கணக்கை இன்னும் இனிப்பாகப் போட்டுக் கொடுத்தார். மூன்று இரவு, நான்கு பகல், ஸ்கீயிங், ரோப்வே டிக்கெட் இலவசம், இந்த வாரம் கட்டினால் முப்பத்தைந்து சதவீதம் தள்ளுபடி. ஆறாயிரம் முன்பணம் கட்டினேன். வீட்டுக்கு வந்து ரோப்வே ஓடும் நேரத்தைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜோஷிமட்–ஔலி ரோப்வே 2023 ஜனவரியோடு நின்றுபோனது. போன் போட்டேன். "எப்ப வேணா திறப்பாங்க சார்" என்றார். ஸ்கீயிங் என்று போட்டிருந்தது என்ன என்று கேட்டேன். ஒரு மணி நேரம் காலில் சறுக்குக் கட்டையை மாட்டிவிட்டுப் போட்டோ எடுப்பார்களாம். முன்பணம் திரும்பி வரவில்லை. இலவச டிக்கெட் என்று எழுதுவதில் அவருக்கு நஷ்டமே இல்லை என்பதைப் பிற்பாடு யோசித்தபோது சிரிப்பு வந்தது. ஓடாத வண்டிக்கு யார் வேண்டுமானாலும் டிக்கெட் இலவசமாகத் தரலாம்.

அத்தையின் பேரன் ஃப்ரீமாண்டில் இருக்கிறான். சிலிகான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்குக் குளிர்காலம் என்றால் லேக் டாஹோ. கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பங்கு போட்டுக்கொண்ட மலை ஏரி அது. அதன் பக்கத்தில், அப்போது ஸ்க்வா பள்ளத்தாக்கு என்ற பெயரிலிருந்த இடத்தில்தான் 1960இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. "அங்கே தள்ளுபடி எப்படிடா?" என்று கேட்டேன். நேர்மாறு என்றான். பனி உருகும் வசந்த காலத்திலேயே அடுத்த சீசனுக்கான பாஸ் விற்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது வாங்கினால் மலிவு. பனி விழுந்தபிறகு ஜன்னலில் நின்று ஒரு நாள் டிக்கெட் கேட்டால் கையைக் கடிக்கும். எபிக், ஐகான் என்று இரண்டு பாஸ். ஹெவன்லிக்குப் போக ஒன்று, இப்போது பாலிசேட்ஸ் டாஹோ என்று பெயர் மாறிவிட்ட ஸ்க்வாவுக்குப் போக மற்றொன்று. ஏரி ஒன்று, கரை இரண்டு, கம்பெனி இரண்டு. பனி விழுமா விழாதா என்ற பயத்தை கம்பெனி நம் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கூலியாகக் கொஞ்சம் விலை குறைக்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயமான பேரம்தான். நம் ஊரில் பயமும் நமக்கு, விலையும் நமக்கு.

கடைசியில் நாங்கள் பிடித்த வழி பழைய சர்க்கார் வழி. கார்வால் மண்டல் விகாஸ் நிகாம் ஔலியில் ஏழு நாள், பதினான்கு நாள் என்று ஸ்கீயிங் பயிற்சி நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, கட்டை, பூட்ஸ், பயிற்சியாளர் எல்லாம் சேர்ந்த கட்டணம். தள்ளுபடி கிடையாது, பளபளப்பான படமும் கிடையாது, அறையில் வெந்நீருக்கு வாளி. அண்ணா பெண்ணை ஏழு நாளில் சேர்த்தோம். நான் தினமும் இரண்டு மணி நேரம் உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரிடம். அத்தைக்கு ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி.

குர்லா டெர்மினஸிலிருந்து ஹரித்வாருக்கு நேர் வண்டி இருக்கிறது. செம்பூர்க்காரர்களுக்கு ஆட்டோ தூரம்தான். ரயிலை விட்டு இறங்கி டாக்ஸி பிடித்தால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர், எல்லாம் வளைவு. வழியில் தேவப்ரயாகையில் பாகீரதியும் அலகநந்தாவும் சேர்ந்து கங்கை என்று பெயர் எடுக்கின்றன. பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகர் என்று பாடிய திவ்யதேசம் அது. அத்தை ஏற்கெனவே சேவித்ததுதான். ஆனாலும் இறங்கிப் படித்துறையில் காலை நனைத்துவிட்டு, "பாகீரதிதான் குளிர்ச்சி ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறினாள். பீபல்கோட்டியில் இரவு. மறுநாள் காலை ஜோஷிமட்.

ஊருக்குள் நுழைந்ததும் ரோப்வே நிலையம். இரும்புக் கயிறு அப்படியே மலைமேல் போகிறது, கூண்டுதான் அசையவில்லை. நான்கு கிலோமீட்டர் நீளம், கீழிருந்து மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அது ஓடியபோது இருபது சொச்சம் நிமிஷத்தில் ஔலி. இப்போது சங்கிலி கட்டிய ஜீப்பில் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

2023 ஜனவரி முதல் வாரத்தில் இந்த ஊர் கண்ணெதிரே கீழே இறங்கியது. எண்ணூறுக்கும் அதிகமான கட்டடங்களில் விரிசல். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஹோட்டல்களை இடித்தார்கள். டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை பன்னிரண்டு நாளில் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பக்கத்தில் தோண்டப்படும் தபோவன்–விஷ்ணுகாட் மின்திட்டச் சுரங்கத்தின் மேல் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம். திட்டத்தை நடத்தும் என்டிபிசி அதை மறுத்தது. ஊர் உட்கார்ந்திருப்பதோ பழைய நிலச்சரிவு கொட்டிய மண்மேல். அதை 1976லேயே மிஸ்ரா கமிட்டி எழுதி வைத்து, பெரிய கட்டடம் கட்டாதீர்கள், பாறையைத் தோண்டாதீர்கள் என்று சொல்லியிருந்தது. அறிக்கை அலமாரியில் இருந்தது. ஹோட்டல்கள் மாடி மாடியாக ஏறின. நம் மும்பையில் மித்தி நதிக் கரையைப் பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

நரசிம்மர் கோயிலுக்குப் படியிறங்கிப் போக வேண்டும். குளிர்காலத்தில் பத்ரிநாத் கோயில் பனியில் மூடிக் கிடக்கும்போது சங்கராச்சாரியாரின் ஆசனம் இங்கேதான் வந்து தங்குகிறது. உள்ளே மூலவர் சின்ன உருவம், சாளக்கிராமக் கல். அத்தை அருகில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பெருமாளின் ஒரு கை வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வருகிறது என்று ஐதீகம். அது முறிந்து விழும் நாளில் ஜய, விஜய மலைகள் இரண்டும் ஒன்று சேர்ந்து பத்ரிக்குப் போகும் வழி அடைபடும். அதன்பின் பெருமாளைப் பவிஷ்ய பத்ரியில்தான் சேவிக்க முடியும். பட்டர் தீபத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார். வஸ்திரத்துக்கும் மாலைக்கும் நடுவே மணிக்கட்டு ஒரு கணம் தெரிந்தது, நூல் மாதிரி.

வெளியே வந்து பிராகாரத்தில் உட்கார்ந்தாள். கையில் மாட்டுங்கா கிரி டிரேடிங்கில் வாங்கிய திவ்யதேசப் புத்தகம். திருப்பிரிதி பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "ஊரே சரியறதுடா. கை மெலியறதுன்னா ஏன் மெலியாது" என்றாள். நிலவியல் நிபுணர்கள் சொன்னதைவிட அந்த ஒரு வரி எனக்கு நன்றாகப் புரிந்தது.

மேலே ஔலி. கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் மீட்டர் வரை படிந்து கிடக்கும் புல்மேடு. கோடையில் ஆடு மேயும், குளிர்காலத்தில் பனி மேயும். எதிரே நந்தாதேவி, 7,816 மீட்டர். முழுக்க இந்திய எல்லைக்குள் இருக்கும் சிகரங்களில் அதுதான் உயரம். பக்கத்தில் துரோணகிரி. லட்சுமணனுக்காக அனுமன் சஞ்சீவியோடு பெயர்த்தெடுத்த மலை அது என்பது கதை. துரோணகிரி கிராமத்துக்காரர்கள் இன்றுவரை அனுமனைக் கும்பிடுவதில்லை. எங்கள் மலையைத் திருடிக்கொண்டு போனவன் என்று கோபம். இதைக் கேட்ட அத்தை, கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கும் என்றாள்.

மறுநாள் காலை பூட்ஸ் மாட்டினேன். கடின பிளாஸ்டிக், கணுக்காலுக்கு மேல் வரை நான்கு கிளிப். போட்டதும் முழங்கால் தானாக முன்னால் மடிகிறது. நேராக நிற்க முடியாது. கட்டையில்லாமல் அதைப் போட்டு நடப்பவன் பொய்க்கால் குதிரைக்காரன் மாதிரித் தோன்றுவான். கட்டையின் நடுவே காலை வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்த 'டக்'குக்குப் பிறகு நம் கால் நம்முடையதில்லை.

முதல் பாடம் நிறுத்துவது. பிரேக் என்று எதுவும் கிடையாது. கட்டைகளின் முன்நுனி இரண்டும் நெருங்க, பின்பக்கம் விரிய, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வைத்துக்கொண்டு உள்விளிம்பை அழுத்தினால் வேகம் குறையும். "ஆகே ஜோடோ, பீச்சே கோலோ" என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருந்தார். இரண்டாவது பாடம் விழுவது. பக்கவாட்டில் விழ வேண்டும். எழுவதற்கு முன் கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைக்க வேண்டும். இதை மறந்து எழுந்தால் எழுந்த வேகத்திலேயே மறுபடி கிளம்பிவிடுவீர்கள். நான் மூன்று முறை கிளம்பினேன்.

மூன்றாவது பாடம்தான் எனக்குக் கடைசிவரை வரவில்லை. பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் கட்டையின் முன்பகுதி பிடிமானம் இழந்து ஓடும். பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய வேண்டும். அண்ணா பெண் இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள். எப்படி என்று கேட்டேன். "தாதர்ல ஓடற லோக்கல்ல இருந்து இறங்கற மாதிரி சித்தப்பா. வண்டி போற பக்கமே சாஞ்சு ஓடணும். பின்னாடி இழுத்தா விழுந்துடுவோம்." பதினைந்து வருஷம் ஓடும் வண்டியில் இறங்காதே என்று அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

பனியின் பதம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. காலை எட்டு மணிக்குக் கண்ணாடி. பத்து மணிக்குச் சர்க்கரை. மூன்று மணிக்கு நீர் அதிகம் விட்ட ரவா உப்புமா. கட்டை அதில் ஒட்டிக்கொண்டு நகராது. அதனால் பயிற்சியெல்லாம் முற்பகலில்தான். பிற்பகலில் ஒரு நாள் நாற்காலி லிஃப்டில் ஏறி ஏரியைப் பார்க்கப் போனோம்.

ஔலி ஏரி என்று கேள்விப்பட்டு கொடைக்கானல் மாதிரிப் படகும் பஜ்ஜிக் கடையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மயிலாப்பூர்த் தெப்பக்குளம் அளவுகூட இல்லை. மனிதன் வெட்டிய குளம், சுற்றிலும் கரை. நாங்கள் போனபோது மேலே சாம்பல் நிறத்தில் பனிக்கட்டி ஏறியிருந்தது; ஓரத்தில் யாரோ எறிந்த கல் உறைந்து நின்றது. இதை வெட்டியது அழகுக்காக இல்லை. 2011 ஜனவரியில் டேராடூனிலும் ஔலியிலும் முதலாவது தெற்காசிய குளிர்கால விளையாட்டுகள் நடந்தன. வானம் பனி கொடுக்காவிட்டால் இயந்திரத்தால் கொட்டலாம் என்பது ஏற்பாடு. அந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் இந்தக் குளம்.

பனிப்பீரங்கியின் வேலை எளிது. அழுத்திய காற்றோடு தண்ணீரைப் பொடித்துளிகளாக வானில் பீய்ச்சும். துளி தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிட வேண்டும். அதற்குக் காற்று வறண்டும், பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழேயும் இருந்தாக வேண்டும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஏறக்குறைய முழுக்க இப்படிச் செய்த பனியில்தான் நடத்தினார்கள். அங்கே குளிர் இருந்தது, பனிதான் இல்லை. ஔலியின் சிக்கல் வேறு: பனி குறைகிற வருஷம் குளிரும் குறைகிறது. குளிரில்லாமல் பீரங்கி வெறும் தோட்டக் குழாய். 2023இல் இங்கே நடக்க வேண்டிய போட்டிகள் பனி போதாமல் ரத்தாயின.

காஷ்மீரத்து குல்மர்க் இதைவிடப் பெரிய மைதானம். அதன் கோண்டோலா அஃபர்வத் மலையில் நாலாயிரம் மீட்டரைத் தொடும் உயரம் வரை கொண்டு விடும். பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரராக இறங்கிய ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துப் பையன்தான். 2025 பிப்ரவரியில் அங்கேயும் பனியில்லாமல் கேலோ இந்தியா போட்டிகளை மார்ச்சுக்குத் தள்ளினார்கள். முதல் தடவை கட்டை மாட்டுகிறவர்களுக்கு குல்மர்க்கின் மேல்சரிவு ஆகாது. பனிப்பாளம் சரிந்து ஆள் சாகும் இடம். ஔலியின் புல்மேடு பயப்படுகிறவர்களுக்காகவே வளைந்து கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஏழாம் நாள் அண்ணா பெண் மேலிருந்து கீழே வரை விழாமல் வந்தாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து புளியோதரைக்கு அப்பளம் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த அத்தை எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். கை தட்டினாள் என்று சொல்ல ஆசை, தட்டவில்லை. "கோட் பட்டனைப் போட்டுக்கோ" என்றாள்.

இறங்கும்போது ஜோஷிமட்டில் ஒரு இரவு தங்கினோம். விடுதிக்காரர் சுவரில் பூசி மறைத்த விரிசலைத் தானே காட்டினார், பயப்படுவதென்றால் கீழே பீபல்கோட்டிக்குப் போங்கள் என்று சொல்லியே சாவியைக் கொடுத்தார். தாராவி கடைக்காரர் நினைவுக்கு வந்தார். ரோப்வே நின்றதிலிருந்து ஆட்கள் ஜீப்பில் நேராக மேலே போய்விடுகிறார்கள், கீழ்க்கடைகளில் டீகூடக் குடிப்பதில்லை என்றார்.

ஔலிக்குப் போவதாக இருந்தால் மும்பையில் யாரிடமும் முன்பணம் கட்டாதீர்கள். முதலில் ஜோஷிமட்டில் ஒரு விடுதிக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: மேலே பனி இருக்கிறதா, ரோடு திறந்திருக்கிறதா. இருந்தால் கிளம்புங்கள், பயிற்சியாளருக்கும் கட்டைக்கும் ஜீப்புக்கும் பணத்தை அங்கே போய் அவர்கள் கையில் கொடுங்கள். போகிற வழியில் ஜோஷிமட்டில் இறங்கி ஒரு டீ குடியுங்கள்.